ஓய்வுக்குப் பிறகு எந்த ஊர், எந்த வீடு

பணி ஓய்வு பெற்ற ஒரு தம்பதி, இனி எங்கே குடியிருப்பது என்று பேசத் தொடங்கும்போது கணவருக்கு 60 வயது இருக்கும். அந்த அம்மாவுக்கு 55, 56 இருக்கும். இருவருக்கும் கைகால் திடமாக இருக்கும். அவர் ஸ்கூட்டர் ஓட்டுவார். அந்த அம்மா மொட்டை மாடி ஏறி வடாம் காயப்போட்டுவிட்டு வருவார். சொந்த ஊரில் பூர்வீக வீட்டை எடுத்துக் கட்டலாமா, சென்னையிலேயே ஒரு ஃபிளாட் வாங்கலாமா, கோயம்புத்தூரில் முதியோர் குடியிருப்பு ஏதாவது பார்க்கலாமா, பிள்ளையோடு போய் இருந்துவிடலாமா என்று அவர்கள் போடும் கணக்கெல்லாம் அந்த உடம்பை வைத்துத்தான். தண்ணீர் எப்படி, காற்று எப்படி, கோயில் பக்கமா, விலை கட்டுப்படியாகுமா என்று கேட்பார்கள்.

கேட்க வேண்டியவைதான். ஆனால், அந்த வீட்டின் அருமையும் குறையும் தெரியவருவது இருபது வருடம் கழித்து. அப்போது அங்கே இருக்கப்போவது பெரும்பாலும் இருவரல்ல, ஒருவர். ஐ.நா. மக்கள்தொகை நிதியம் 2023இல் வெளியிட்ட இந்திய முதுமை அறிக்கையின்படி, 60 வயதைத் தொட்ட ஆணுக்குச் சராசரியாக இன்னும் 17.5 ஆண்டு ஆயுள் உண்டு. பெண்ணுக்கு 19 ஆண்டு. நம் வீடுகளில் கணவர் நான்கைந்து வயது மூத்தவராகவும் இருப்பார். இரண்டையும் கூட்டினால், சராசரிக் கணக்கிலேயே அந்த அம்மா ஐந்தாறு வருடம் தனியாக இருக்க நேரும். பத்துப் பதினைந்து வருடம் அப்படி இருப்பவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். ஆகவே எந்த வீட்டைப் பார்க்கப் போனாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான் என்பது என் எண்ணம்: 80 வயதில், வண்டி ஓட்டத் தெரியாத ஒரு அம்மா, தனியாக இங்கே எப்படி இருப்பார்?

தமிழ்நாட்டுக்கு இது சில குடும்பங்களின் கவலை மட்டுமில்லை. கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் அதிகமுள்ள மாநிலம் இது. 2021இல் 60 வயதைக் கடந்தவர்கள் 13.6 சதவீதம் என்றும், 2031இல் அது 18.2 சதவீதமாகும் என்றும் மத்திய அரசின் மக்கள்தொகை மதிப்பீடு சொல்கிறது.

சொந்த ஊரிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் மனசு முதலில் போவது அங்கேதான். தாமிரபரணிக் கரையில் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கமும், காவிரிக் கரையில் கும்பகோணத்தைச் சுற்றியும் ஓய்வுக்குப் பிறகு திரும்பி வந்து பழைய வீட்டைப் புதுப்பித்துக்கொண்டவர்கள் உண்டு. செலவு குறைவு. தரைத்தள வீடு. பெயர் சொல்லிக் கூப்பிடும் மனிதர்கள். முன்பைவிட இப்போது மருத்துவ வசதியும் வீடு தேடி வருகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. மாதாந்தர வைத்தியத்துக்குக் கிராமம் இனி குறைச்சலான இடமில்லை.

குறை ராத்திரியில்தான். பக்கவாதம் வந்தால், ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தாக வேண்டும். எனவே ‘ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்’ என்ற கேள்வி போதாது. ராத்திரி இரண்டு மணிக்கு ஸ்கேனும் டாக்டரும் இருக்கிற ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று கேட்க வேண்டும். கல்லிடைக்குறிச்சியிலிருந்து திருநெல்வேலி சுமார் 35 கிலோமீட்டர். 108 வண்டி வரும் நேரத்தையும் சேர்த்தால்கூட அந்த நாலரை மணிக்குள் போய்விடலாம். ஆனால் 108ஐக் கூப்பிட யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். கை இழுத்துக்கொண்டு விழுந்தவரைக் காலையில் பால்காரர் பார்க்கும்படி ஆகிவிட்டால், எவ்வளவு பக்கத்தில் ஆஸ்பத்திரி இருந்தும் என்ன பயன்?

இன்னொன்று, நாம் திரும்பிப் போகும் ஊர் நம் நினைவில் இருக்கும் ஊராக இருக்காது. எதிர் வீட்டு அத்தை, கூடப் படித்தவர்கள் என்று பலரும் பிள்ளைகளிடம் போயிருப்பார்கள். தெருவில் பாதி வீடு பூட்டியிருக்கும். அந்த அம்மாவுக்கோ அது புகுந்த ஊர். அவருடைய சிநேகிதிகள் அவர் முப்பது வருடம் குடியிருந்த நகரத்துத் தெருவில் இருப்பார்கள். ‘நம்ம ஊர்’ என்று கணவர் சொல்லும்போது அது யாருடைய ஊர் என்று ஒரு நிமிடம் நின்று யோசிப்பது நல்லது. பூர்வீக வீட்டைப் புதுப்பிப்பவர்கள் பெரும்பாலும் முன்கூடத்துக்கு டைல்ஸ் போட்டு, வாசலுக்குப் புதுக் கேட் மாட்டிப் பணத்தைத் தீர்த்துவிடுகிறார்கள். கழிப்பறை அதே கொல்லைக்கோடியில் இருக்கும். செலவழிக்க வேண்டிய முதல் பணம், படுக்கும் அறையை ஒட்டி ஒரு கழிப்பறை கட்டுவதற்குத்தான்.

நகரத்து ஃபிளாட்டுக்கு வருவோம். நங்கநல்லூர், மேற்கு மாம்பலம், மயிலாப்பூர், திருச்சிக்குப் பக்கத்தில் ஸ்ரீரங்கம் ஆகிய இடங்களுக்கு ஓய்வு பெற்றவர்கள் தேடிப் போவதற்குக் காரணம் கோயில் மட்டுமல்ல. காய்கறிக் கடை, மருந்துக் கடை, மாவுக் கடை, மெஸ், வங்கி, ஆட்டோ ஸ்டாண்டு எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. வண்டி ஓட்டாதவருக்கு இது பெரிய சுதந்திரம். யாரையும் எதிர்பார்க்காமல் கால் கிலோ வெண்டைக்காய் வாங்கி வர முடிகிற அம்மாவுக்கும், அதற்கே ஒருவர் வண்டி எடுக்க வேண்டும் என்று காத்திருக்கிற அம்மாவுக்கும் ஒரு நாள் என்பது ஒரே மாதிரி போவதில்லை. நகருக்கு வெளியே, விலை மலிவு என்று புறவழிச்சாலை ஓரத்தில் வாங்கிய அழகான வீடுகள் பலவற்றில் இந்த ஒரு குறைதான் இருபது வருடம் கழித்துக் கழுத்தைப் பிடிக்கிறது.

ஃபிளாட்டில் பார்க்க வேண்டியது படியும் குளியலறையும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சென்னையில் கட்டப்பட்ட மூன்று மாடிக் குடியிருப்புகள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. மூட்டு தேய்ந்துவிட்டால் மேல்மாடியில் இருப்பவருக்கு வீடே சிறையாகிவிடுகிறது. அவசரத்துக்கு அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கி இறக்குவதை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். லிஃப்ட் இருந்தாலும் அது நாலு பேர் நிற்கிற சின்னப் பெட்டியாக இருந்தால் ஸ்ட்ரெச்சர் உள்ளே போகாது.

குளியலறைக்குள் ஒரு டேப்போடு போய்ப் பாருங்கள். கதவு பெரும்பாலும் இரண்டரை அடி. நிலையும் கதவின் கனமும் போக மிஞ்சும் இடைவெளி அதைவிடக் குறைவு. சாதாரணச் சக்கர நாற்காலி இரண்டடிக்கு மேல் அகலம். முட்டி இடிக்காமல் உள்ளே திரும்ப முடியாது. மூன்றடி வழி வேண்டும். வாசலில் தண்ணீர் வெளியே வராமல் இருக்க ஒரு சின்ன மேடு கட்டியிருப்பார்கள். தடுக்கி விழ அதுவே போதும். கதவு உள்பக்கமாகத் திறந்தால், உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவைத் தள்ளவிடாமல் அடைத்துக்கொள்ளும். வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றி, வெளியிலிருந்தும் விலக்கக்கூடிய தாழ்ப்பாள் போட வேண்டும். கழிப்பறைத் தொட்டி பக்கத்தில் பிடித்து எழுந்திருக்க ஒரு கம்பி; சுவர் செங்கல் சுவராக இருந்தால்தான் அந்தக் கம்பி உடம்பின் பாரத்தைத் தாங்கும். வாசற்படி அரையடி உயரம் என்றால் அதற்குச் சாய்தளம் ஆறடி நீளம் வேண்டும், ஏனென்றால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது கணக்கு. 65 வயதைக் கடந்தவர்களில் 28 முதல் 35 சதவீதம் பேர் ஒவ்வோர் ஆண்டும் ஒரு முறையாவது விழுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இடுப்பெலும்பு முறிந்த பிறகு பழையபடி நடமாட முடியாமல் போனவர்கள் ஏராளம். வீட்டு விலையில் ஒரு சிறு துளி செலவு செய்தால் தடுக்கக்கூடிய துயரம் இது.

படி வேண்டாம் என்று தரைத்தளம் எடுத்தால் சென்னையில் வேறு ஆபத்து. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. வயதானவர்களைப் படகில் வைத்து வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. வெள்ளத்தில் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள்; லிஃப்டும் நின்றுவிடும். ஆகவே சென்னையில் லிஃப்ட் உள்ள கட்டடத்தில் முதல் மாடிதான் என் தேர்வு. லிஃப்ட் நின்றாலும் ஒரு மாடியை மெதுவாக இறங்கிவிடலாம். அந்தக் கட்டடத்தின் ஜெனரேட்டரும் மின்பலகையும் தண்ணீர் ஏறாத உயரத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கவும் மறக்க வேண்டாம்.

பிள்ளைகளோடு இருப்பது பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ஒத்துப்போனால் அதைவிட நல்லது இல்லை. வெளிநாட்டுப் பிள்ளைகள் என்றால் போய் வருவது வேறு, போய் இருப்பது வேறு. கனடாவின் சூப்பர் விசாவில் ஒரு தடவைக்கு ஐந்து ஆண்டு வரை தங்கலாம், ஆனால் மருத்துவக் காப்பீடு கையோடு வேண்டும். அமெரிக்காவில் கிரீன் கார்டு வாங்கிப் போனாலும் மெடிகேர் காப்பீட்டில் சேர ஐந்து ஆண்டு அங்கே தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அப்பா பெரியவனிடம், அம்மா சின்னவனிடம் என்று நாற்பது வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்களைப் பிரித்து வைக்கும் ஏற்பாட்டுக்கு எந்த வசதிக்காகவும் யாரும் சம்மதிக்கக் கூடாது.

இந்த நிலைகளுக்கு மாற்றாகத்தான் கோயம்புத்தூரில் வடவள்ளி, தொண்டாமுத்தூர் பக்கமெல்லாம் முதியோர் குடியிருப்புகள் பெருகின. மிதமான வெயில், நல்ல ஆஸ்பத்திரிகள், விமான நிலையம் எல்லாம் பக்கம். முதியோர் இல்லம் என்றதும் கைவிடப்பட்டவர்கள் இருக்குமிடம் என்று நினைக்க வேண்டியதில்லை. சொந்தக் கதவும் சாவியும் உள்ள சின்ன வீடு, பொதுச் சாப்பாட்டுக் கூடம், கூப்பிட்டால் வரும் நர்ஸ், கட்டிலோரம் அவசர மணி. தனியாக இருக்கப்போகும் அம்மாவை நினைத்துப் பார்த்தால், ராத்திரி விழுந்தால் யாருக்குத் தெரியும் என்ற கேள்விக்கு நேரான பதில் இங்கேதான் கிடைக்கிறது.

ஆனால் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்க வேண்டும். இத்தகைய குடியிருப்புகள் எப்படி இருக்க வேண்டும் என்று மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019இல் மாதிரி வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேளுங்கள். படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வார்களா, வேறு இடம் பாருங்கள் என்பார்களா? மறதி நோய் வந்தால்? விற்க நினைத்தால் யாருக்கு, எவ்வளவு கழித்துக்கொண்டு? மாதக் கட்டணத்தை ஆண்டுக்கு எவ்வளவு ஏற்றலாம்? மாதம் 25,000 ரூபாய் என்று தொடங்கி ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் ஒன்பது வருடத்தில் 50,000, பதினெட்டு வருடத்தில் ஒரு லட்சம். அரசு ஊழியருக்குப் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம். அவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்கு வருவது அந்தச் சம்பளத்தில் 30 சதவீதம். தொடக்கத்தில் சில ஆண்டு கூடுதலாக வரலாம். அதன் பிறகு 40,000 வந்த இடத்தில் 24,000 என்று குறையும். அகவிலைப்படி இரண்டுக்கும் உண்டு, ஆனால் குறைந்த தொகையின் மேல். தனியார் வேலையில் இருந்தவர்களின் மனைவியர் பலருக்கு அதுவும் இல்லை. ஆகவே கட்டணம் கட்டுப்படியாகுமா என்பதை இருவரின் இன்றைய வருமானத்தில் பார்க்காமல், அந்த அம்மா ஒருவருக்கு நாளை வரப்போகும் வருமானத்தில் பார்க்க வேண்டும்.

எந்த வீடானாலும் பத்திரம் அவர் கையை விட்டுப் போகக் கூடாது. பாசத்தில் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளுக்கு செட்டில்மென்ட் எழுதிக் கொடுப்பது நம் ஊரில் வழக்கம். உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். பதிவான செட்டில்மென்ட்டை நினைத்தபோது திரும்பப் பெற முடியாது. 2007ஆம் ஆண்டு பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை நாடலாம். அந்த நிபந்தனை இருந்தது என்று காட்ட வேண்டும் என 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம், இந்தச் சட்டத்தை முதியோருக்கு ஆதரவாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. எழுதித்தான் தீர வேண்டும் என்றால், பராமரிப்பு நிபந்தனையையும், இருவர் காலம் வரையிலும் அந்த வீட்டில் குடியிருக்கும் ஆயுள் உரிமையையும் பத்திரத்திலேயே சேர்த்துவிட வேண்டும். வீடுதான் இருக்கிறது, கையில் பணமில்லை என்பவர்களுக்கு வங்கிகளின் தலைகீழ் அடமானக் கடன் 2007 முதல் உண்டு. வீட்டில் குடியிருந்தபடியே மாதந்தோறும் பணம் பெறலாம். கேட்டுப் பார்க்கிறவர்கள் குறைவு.

முடிவெடுக்கும் முன் வாடகைக்கோ குத்தகைக்கோ ஒரு வருடம் அங்கே இருந்து பார்ப்பதுதான் சரி. சித்திரை வெயிலும் ஐப்பசி, கார்த்திகை மழையும் ஒரு சுற்று வந்துவிடட்டும். அந்த ஒரு வருடத்தில் ஒரு மாதம் கணவர் எதிலும் கை வைக்காமல் இருக்கட்டும். கேஸ் புக் செய்வது, கரண்ட் பில் கட்டுவது, வங்கிக்குப் போவது, டாக்டரிடம் போய் வருவது எல்லாவற்றையும் அந்த அம்மாவே செய்து பார்க்கட்டும். எங்கே தடங்குகிறதோ அங்கேதான் அந்த இடத்தின் குறை இருக்கிறது.

இதையெல்லாம் 70 வயதுக்குள் செய்துவிட வேண்டும். அதற்குமேல் புதுத் தெருவும் புது முகங்களும் மனதில் பதிவது கடினம். நினைவு மங்கத் தொடங்கியவர்களை இடம் மாற்றினால் அவர்கள் மேலும் தடுமாறிப்போகிறார்கள். தள்ளிப்போட்டால் முடிவு வேறு கைக்குப் போய்விடுகிறது. அப்பாவின் பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து, பிள்ளைகள் விமானம் ஏறுவதற்குள் இருக்கிற இரண்டு நாளில், கூடத்தில் உட்கார்ந்து அம்மாவை எங்கே வைப்பது என்று பேசுவார்கள். அம்மா அடுத்த அறையில் இருப்பார். அந்தப் பேச்சுக்கு முன்னாலேயே, அவர் எங்கே இருக்க விரும்புகிறார், மாதச் செலவு எந்தக் கணக்கிலிருந்து, சாவி யாரிடம், ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்று அவரே எழுதி, கணவரும் கையெழுத்திட்ட ஒரு தாள் எல்லாப் பிள்ளைகளிடமும் இருக்க வேண்டும்.