உப்புப் பார்க்கச் சொன்னார்கள்

சொந்தக்காரர் வீட்டுக்கு முதல் தடவை போகிறீர்கள். ஹாலில் உட்காரவைத்து, ஃபேனைப் போட்டு, காபி கொடுக்கிறார்கள். இரண்டாம் தடவையும் அப்படியே. பத்தாவது தடவை போகும்போது, சித்தி சமையலறையிலிருந்தே குரல் கொடுக்கிறார்: ''வந்துட்டியா? அந்தத் தேங்காயைக் கொஞ்சம் துருவிக் கொடு.''

உபசாரம் குறைந்துவிட்டதே என்று வருத்தப்படுவீர்களா? மாட்டீர்கள். அன்றைக்குத்தான் அந்த வீட்டில் உங்களுக்கு இடம் கிடைத்தது.

இது எனக்குப் புரிந்தது திருப்பூரில், ஒரு அசனச் சாப்பாட்டின்போது. அசனம் என்றால் சபையார் எல்லோரும் சேர்ந்து சமைத்து, சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது. நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்து சர்ச்சுகளில் பிரசித்தம். திருப்பூருக்கு அது எப்படி வந்தது? பிழைக்க வந்தவர்களோடு சேர்ந்து அதுவும் வண்டியேறி வந்தது.

என்னை அழைத்த அண்ணாச்சியும் அப்படி வந்தவர்தான். ஊர் சாயர்புரம் பக்கம். 1990-ல் பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தார். இன்று இருபது மெஷின் போட்டு சொந்தமாக யூனிட் நடத்துகிறார்.

அங்கே பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருந்த ஒருவரைக் காட்டினார். ''ஜார்க்கண்ட்காரர் தம்பி. முண்டா ஜனம். நம்ம சபைதான்.''

உடனே உங்கள் மனதில் ஒரு கேள்வி வந்திருக்கும். எனக்கும் வந்தது. 'இங்கே வந்து மதம் மாறினாரோ?' இல்லை. பெர்லினிலிருந்து கோஸ்னர் என்ற பாதிரியார் அனுப்பிய நான்கு பேர் 1845-ல் ராஞ்சிக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் தொடங்கிய லுத்தரன் சபை, 1919-ல் தன் காலிலேயே நின்றுகொண்டது. நம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானதும் அதே 1919-ல்தான். ஆக, இந்தக் குடும்பத்துக்கு ஏசு பழசு. தமிழ்தான் புதுசு.

தன்பாத் - ஆலப்புழா எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர்கள். அவர் அயர்ன் டேபிளில், மனைவி செக்கிங்கில். லைன் வீட்டில் ஒற்றை அறை. கவர்மென்ட் ஸ்கூலில் படிக்கும் பையன் 'ஏனுங்க', 'சொல்லுங்க' என்று சுத்தமான கொங்குத் தமிழ் பேசுகிறான். அவன் மொழிபெயர்க்க, அந்த அம்மாவிடம் பேசினேன்.

முதல் இரண்டு வருஷம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிரசங்கம் ஒரு வார்த்தை புரியாது. மெட்டு தெரிந்த பாட்டு வந்தால் மட்டும் முண்டாரியில் மெல்லப் பாடுவார்களாம். சபையார் நல்லவர்கள். கிறிஸ்துமஸுக்குப் புடவை கொடுத்தார்கள். அரிசி கொடுத்தார்கள். பையனுக்கு நோட்டுப் புத்தகம். ஆனால் ஆசீர்வாதம் முடிந்த உடனே இவர்கள் கிளம்பிவிடுவார்கள்.

''ஏன்?'' என்றேன்.

பையன் கேட்டுச் சொன்னான்: ''நின்னா இன்னும் ஏதாச்சும் குடுப்பாங்கன்னு வெட்கமா இருந்துச்சாமுங்க.''

நான் பி.காம். படித்தவன். கணக்குப்பதிவியலில் முதலில் சொல்லிக் கொடுப்பது இதுதான்: பெறுபவரைப் பற்றில் எழுது, தருபவரை வரவில் எழுது. ஒரு குடும்பம் வாங்கிக்கொண்டே இருந்தால், அந்தப் பேரேட்டில் பற்றுப் பக்கம் மட்டுமே நிறையும். நம் தமிழில் 'பற்று' என்றால் பாசம் என்றும் பொருள் உண்டு. வாங்கியவர் கணக்கில் பற்று ஏறினால் பாசமும் ஏறும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பல நேரம் ஏறுவது கூச்சம்தான்.

இதை நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு தமிழர் சொல்லிவிட்டார். வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா. 1910-ல் எடின்பரோ மாநாட்டில், உலகம் முழுக்க இருந்து வந்திருந்த மிஷனரிகள் முன்னால் பேசினார். 'நீங்கள் எங்களுக்காகப் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள். இனி நட்பைக் கொடுங்கள்' என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். இரண்டே வருஷத்தில், 1912-ல், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப் ஆனார். அன்று வெள்ளைக்காரரிடம் கேட்கப்பட்ட கேள்வி, இன்று அவர் மண்ணிலிருந்து திருப்பூருக்கு வந்தவர்களிடம் திரும்பி நிற்கிறது.

அதற்குப் பதில் 2023-ல் கிடைத்தது. அந்த பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று போலி வீடியோக்கள் செல்போன் செல்போனாகப் பரவின. பொய் என்று போலீஸ் சொன்னது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்தது. ஆனால், பயத்துக்கு மறுப்புச் செய்தி படிக்கப் பொறுமை ஏது? ஸ்டேஷனில் கூட்டம். லைன் வீட்டில் பக்கத்து அறைகள் காலி. இவர்களும் பையைக் கட்டிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் சபையிலிருந்து ஒரு பெரியம்மா வந்திருக்கிறார். 'பயப்படாதே, நாங்க இருக்கோம்' என்றெல்லாம் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே, ''ஏ புள்ள, ஞாயித்துக்கிழமை கோயில் பெருக்கிப் பாய் விரிக்கிறது உன் முறை. மறந்துராத'' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பை அவிழ்க்கப்பட்டது.

'பிழைக்க வந்தவளைப் பெருக்கச் சொல்வதுதான் பெரிய மனசா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கம்பெனியும்தான் அவரிடம் வேலை கேட்கிறது. சர்ச்சுக்குள்ளும் சாதி உண்டு, யார் எந்த வேலை செய்வது என்ற கணக்கும் உண்டு. அதனால் நான் அண்ணாச்சியிடம் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வாரத்துக்கு ஒரு வீடு. இவர்கள் வீட்டுக்கு அடுத்த வாரம், அண்ணாச்சி வீட்டம்மா பெயர். எல்லா விஷயமும் 'முறை' என்ற அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது. வேலைக்காரருக்குக் கூலி உண்டு, விருந்தாளிக்கு உபசாரம் உண்டு. முறை வருவது வீட்டுக்காரருக்கு மட்டும்தான்.

''நாங்க மட்டும் இங்கயே பொறந்தவங்களா தம்பி? நானும் பொட்டி தூக்கிட்டு வந்தவன்தான்'' என்றார் அண்ணாச்சி.

உங்கள் தெருவிலும் எங்கிருந்தோ வந்த ஒரு குடும்பம் இருக்கும். அவர்களுக்கு நீங்கள் கொடுத்த பழைய துணியும் தீபாவளிப் பலகாரமும் இருக்கட்டும். அவர்களிடம் நீங்கள் கடைசியாக ஒரு உதவி கேட்டது எப்போது? 'சாவியை வச்சுக்கோங்க, சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்' என்று சொன்னதுண்டா? யோசித்துப் பார்த்தேன். நான் சொன்னதில்லை.

அசனத்துக்கு வருவோம். முந்நூறு பேருக்குக் குழம்பு கொதிக்கிறது. அதே பெரியம்மா கரண்டியில் கொஞ்சம் எடுத்து, அந்த ஜார்க்கண்ட் அம்மாவின் உள்ளங்கையில் ஊற்றினார். ''உப்புப் பாத்துச் சொல்லு.''

அவர் நக்கிப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார். ''கம்மி'' என்றார். தமிழில்தான்.

பெரியம்மா மறுபேச்சில்லாமல் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டார்.

நானும் சாப்பிட்டேன். உப்பு சரியாகவே இருந்தது.