கருவிப் பற்றும் கொலைவினையும்

எறிந்தான் ஒருவன் இருப்ப, 'இவ்வாள் நன்கு எறியும்' என வாளின்மேல் வைத்துக் கூறும் வழக்கு உலகத்துண்டு. கருவியைக் கருத்தாவாகக் கூறும் இவ்வழக்கினை இலக்கணமுடையாரும் உடம்பட்டனர். சொல்லின்கண் அமைந்த இது வினையின்கண்ணும் அமையுமோ என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

இதற்கு நிமித்தமாயது, முன்னர் நம்பால் பாடங்கேட்ட அன்பர் ஒருவர் எழுதிய கடிதம். அவர் வட அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் தொழில்பற்றி வாழ்பவர். புலால் மறுத்த நோன்பினர். அவர்தம் அயலார் வான்கோழி வேட்டையில் விருப்புடையார். வேட்டைப் பருவம் அணுகும் மாலைப்பொழுதுகளில் அவர்கள் ஒருங்கு கூடித் தத்தம் துப்பாக்கிகளை எடுத்துக் காட்டி, 'எனது சிறந்தது, நினது சிறந்தது' என அளவளாவுவர். 'நோயுற்ற காலத்து எனக்கு உணவும் மருந்தும் கொணர்ந்து உதவியவர் இவர்களே. இவர் கூட்டத்தில் யான் இருத்தல் தகுமோ? தம் கருவிமேல் இவர் வைத்த அன்பு குற்றமோ?' என்பது அன்பர் வினா. விரைந்து விடை கூறுதற்கு உரியதன்று இது. ஆகலின் அவர் விரித்தெழுதிய செய்திகளையும், நாம் பிறவாற்றான் அறிந்தவற்றையும் முதற்கண் தொகுத்துரைப்பாம்.

காட்டு வான்கோழி அக்கண்டத்திற்கே உரிய பறவை. வேனிற் பருவத்தில் சேவல் பெடையை விழைந்து கூவும். வேட்டுவன் விடியுமுன் காடு புக்கு, இலைநிறம் பொருந்திய உடையனாய், ஒரு மரத்தடியில் முதுகு சார்த்தி அசையாது அமர்வான். மரப்பெட்டியைத் தேய்த்தேனும் பலகைக்கல்லை உரிஞ்சியேனும் பெடையின் குரலை எழுப்புவான். அக்குரலை மெய்யென்று கருதிச் சேவல் வரும். அதன் உடல் தடித்த இறகினால் மூடப்பெற்றமையின் தலையும் கழுத்துமே இலக்காம். நாற்பது கஜ எல்லைக்குள் வந்தாலன்றிச் சுடாமை நல்ல வேட்டுவர் பலர் ஒழுகும் நெறி.

இதற்கு அவர் கொள்வது இரவைகளைச் சிதறும் துப்பாக்கி. அதனுள் 'பம்ப்' எனப்படும் வகையில், குழலின்கீழ் அமைந்த கைப்பிடியைப் பின்னே இழுப்ப வெறுந்தோட்டா வெளிப்படும். முன்னே தள்ளப் புதுத்தோட்டா உள்ளே புகும். ஒவ்வொரு வேட்டுக்கும் கை தொழில் செய்தல் வேண்டும். சேற்றினும் மழையினும் தடைப்படுதல் அரிது. விலையும் தானே இயங்கும் துப்பாக்கியினும் பெரும்பாலும் குறைவு. 12 என்னும் அளவுப்பெயர், குழலின் வாய்க்கு ஒத்த ஈயவுருண்டை பன்னிரண்டு சேர்ந்து ஒரு பவுண்டு நிறையாம் என்பதனால் வந்தது. ஆகவே 20 என்பது அதனிற் சிறிய குழலாம்.

இனி அவர் உரையாடலைக் காண்க. ஒருவர் காட்டியது ரெமிங்டன் 870. அது 1950இல் வெளிவந்தது; 2009இல் ஒரு கோடி எண்ணிக்கையைத் தொட்டது. 'இஃது எந்தை கையது; நாற்பதாண்டில் ஒருகாலும் என்னைக் கைவிட்டதில்லை' என்றார் அவர். மற்றொருவர் மாஸ்பர்க் 835 உடையார். மூன்றரை அங்குலத் தோட்டாவைக் கொள்ளுமாறு 1988இல் தோன்றியது அது. 12 அளவினதாயினும் குழலின் உட்புழை 10 அளவிற்கு அகற்றப்பெற்றது. 'தோளை இடிக்கும், ஆயினும் இரவைகள் செறிந்து செல்லும்' என்பது அவர் புகழ்ச்சி. இடக்கைப் பழக்கமுடைய ஒருவர் 1937இல் தோன்றிய இத்தாகா 37ஐப் பாராட்டினார். அது வெறுந்தோட்டாவைக் கீழ்நோக்கி உகுத்தலின் முகத்தெதிரே பாயாது என்பது காரணம். நான்காமவர், ஈயத்தினும் மிக்க செறிவுடைய டங்ஸ்டன் இரவைகள் வந்தபின்னர் 20 அளவே அமையும் என்றார். பருவத்திற்கு முன்னரே தாளில் தலையுருவம் வரைந்து சுட்டு, எத்தனை இரவைகள் அதனுட் பட்டன என்று எண்ணிப் பார்த்தலும் அவர்தம் வழக்கம்.

இவ்வுரைகளைப் பகுத்து நோக்கின் அவர் பாராட்டுவன மூன்றென்பது புலனாம்: தந்தையின் நினைவு, தவறாமை, நோவின்றிக் கொல்லுதல்.

முதலாவது, கருவியின்மேற் பற்று எனினும் மெய்யாகக் கருவியின்மேலதன்று. விடியற்காலத்துக் குளிரில் தன்னைக் கைப்பற்றி அழைத்துச் சென்ற தந்தையையே மகன் அவ்விரும்பில் காண்கின்றான். இதனை இகழ்தற்கு நாம் உரியேமல்லேம்.

மூன்றாவதை முன்னர் ஆராய்வாம். செறிந்து செல்லும் குழலைத் தேடுதலும், தாளில் சுட்டுப் பார்த்தலும், எல்லை கடந்து சுடாமையும், புண்பட்டு ஓடிப் புதரில் கிடந்து மடியும் துன்பம் பறவைக்கு உண்டாகாமைப் பொருட்டே என்பர். அஃது ஒருவகை இரக்கமே. இல்லை என்பார் நடுவுநிலையினர் அல்லர். வேனிற்பருவத்தில் மிசௌரி மாநிலத்துச் சட்டமும் சேவலையேனும், மார்பினின்று தாடிபோலத் தொங்கும் இறகுடைய பறவையையேனும் அன்றிப் பிறவற்றைக் கொல்ல விடுவதில்லை. இதனைக் கேட்டவுடன், பெரியபுராணத்துள் கண்ணப்பர் முதல் வேட்டையைச் சேக்கிழார் பெருமான் கூறுமிடம் நம் நெஞ்சில் எழுந்தது. ஆண்டும் வேடர் யானைக்கன்றைத் தொடராமையும், சிறு குருளைகளைக் கொல்லாமையும், சூலுற்ற பிணையை வருத்தாமையும் கூறப்பட்டன. கொலைத்தொழிலினுள்ளும் இரக்கம் புகுதற்கு இடனுண்டு என்பது தொன்றுதொட்டு அறியப்பட்டதே. ஆயினும், நூறு அடி அடித்தலினும் ஓரடி அடித்தல் நன்று என்பது, ஓரடி அடித்தலே அறம் என்றாகாது. குறைந்த தீமையை நன்மை எனப் பெயரிட்டு வழங்குதல் மயக்கவுணர்வேயாம்.

அற்றன்று, வேட்டையாலன்றோ அப்பறவை இன்று உளதாயிற்று எனின், இத்தடை வலியுடையது. காடழிவாலும் வரையறையற்ற கொலையாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வினம் பல மாநிலங்களில் அற்றொழிந்தது. இத்தாகா 37 தோன்றிய அதே 1937இல் அந்நாட்டில் வனவிலங்குகளை மீட்டற்கு ஒரு சட்டம் பிறந்தது. வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவிற்கும் இன்று நூற்றுக்கு 11 வீதம் கொள்ளப்படும் வரி அதன்வழி மாநிலங்களுக்குப் பகிரப்படுகின்றது. எஞ்சிய காட்டுப் பறவைகளை வெடியால் வீசும் வலைகொண்டு பிடித்து, அவ்வினம் அற்ற காடுகளில் விடுத்தனர். இன்று அவை பல இலட்சமாகப் பெருகியுள்ளன. துப்பாக்கி விலையே பறவையை மீட்டது என்று வேட்டுவர் கூறுதல் வெறும் புகழ்ச்சியன்று.

உண்மையே, ஆயினும் வினாவிற்கு அது விடையாகாது. என்னை? இனம் என்பது உயிரன்று. பல உயிரைத் தொகுத்து நாம் இட்ட பெயர். உயிர்கள் பல என்பதும், ஒவ்வொன்றும் தன் வினையும் தன் நுகர்ச்சியும் தனக்கே உடையது என்பதும் நம் சித்தாந்தத்தின் துணிபு. ஓராயிரம் பறவை பிழைத்தமை, இன்று விடியலில் பொய்க்குரலை நம்பி வந்த இவ்வொரு பறவைக்கு ஈடாகாது. அதன் உயிர் அதற்கு ஒன்றே. இனத்தைக் காத்த புண்ணியமும், இவ்வுயிரைப் போக்கிய பாவமும் தனித்தனி நின்று பயன் தருவனவன்றி, ஒன்றை ஒன்று கழித்துச் சரிசெய்யும் வணிகர் கணக்கல்ல.

இனி இரண்டாவதாகிய தவறாமையை நோக்குவாம். 'என் துப்பாக்கி என்னைக் கைவிட்டதில்லை' என்னும் சொல்லில் துப்பாக்கி கருத்தாவாக நிற்கின்றது. சுட்டவன் அதன் அருள்பெற்றவன்போலப் பின்னே மறைகின்றான். கருவியோ சடம், தானே அறியாது, தானே விழையாது. தவறுங் கருவியாயின், 'யான் கருதியது வேறு, நிகழ்ந்தது வேறு' என்று சொல்லுதற்கேனும் கருத்தாவிற்கு ஓர் இடம் உண்டு. தவறாக் கருவியில் அவ்விடமும் இல்லை. அவன் எண்ணியது எதுவோ அதுவே, குறையாமலும் மிகாமலும் நிகழும். எனவே கருவி குற்றம் நீங்குந்தோறும் வினை முழுதும் கருத்தாவையே சாரும் என்பது பெறப்படும். அவர் தம் துப்பாக்கிக்குக் கூறும் ஒவ்வொரு புகழும், தாம் செய்ததற்குத் தாமே பொறுப்பென்று எழுதிக் கொடுக்கும் முறியாம். இதனை உணர்ந்த வேட்டுவன், கைப்பிடியை இழுத்துத் தள்ளிய பின்னரும் விசையில் விரல் வையாது ஒரு கணம் நிற்றலும் கூடும். அக்கணமே நாம் வேண்டுவது.

இங்ஙனம் பிறரை அளந்த கோலால் நம்மையும் அளத்தல் முறை. நாம் பாடங்கேட்ட காலத்தில், மாணாக்கர் ஒருங்கிருந்து யார் கையிலுள்ள பதிப்புச் சிறந்தது என்று இரவு நெடும்போது வாதிட்டதுண்டு. 'எனது மூத்த ஆசிரியர் கைப்பட்டது', 'எனது பிழையற்றது' என்றெல்லாம் கூறினேம். விடிந்து ஆசிரியர் ஒரு சூத்திரத்திற்குப் பொருள் வினவியபோது, சிறந்த பதிப்புடையோம் எல்லேமும் வாய்வாளாது நின்றேம். பிழையற்ற புத்தகம் கையில் இருந்தமையின், பிழை எம்மதே என்பதற்கு ஐயமும் இல்லையாயிற்று. ஆசிரியர் ஒன்றும் வைதிலர்; புத்தகத்தை மூடி வைக்க என்று மட்டும் கூறினார். அந்நாணம் இன்றும் நீங்கிற்றில்லை.

ஆதலின் அன்பர்க்கு நாம் கூறும் விடை இது: அக்கூட்டத்தில் இருத்தல் தகும். நோயில் உதவினாரை நீங்குதல் நன்றி மறத்தலாம். ஆயின் துப்பாக்கிகளுள் எது சிறந்தது என்று நும்மை வினவினால் தீர்ப்புக் கூறற்க. அவர்தம் தந்தையரைப் பற்றி வினவுக. விடியற்காட்டைப் பற்றி வினவுக. குரலை நம்பி வரும் பறவை எங்ஙனம் நடந்து வரும், அதன் கண் எங்ஙனம் நோக்கும் என்று வினவுக. அவர் அதனை நன்கறிவர், நம்மினும் நன்கறிவர். அதனைச் சொல்லுங்கால் பேச்சு கருவியினின்று நீங்கி உயிரின்மேற் செல்லும். கொல்லாமையை அவர்க்கு உரைத்தற்கு நாம் தேடும் நூறு சொல்லினும், அவ்வுயிரை அவரே தம் வாயாற் கூறும் ஒரு சொல் வலியுடைத்து என்க.