எல்லை வேறு, தீர்ப்பு வேறு

இலையுதிர் காலம் தொடங்கி வசந்தம் முடியும்வரை, ஜப்பானின் சிறு நகரங்களில் ஏதேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரின் முதன்மைச் சாலை மூடப்பட்டிருக்கும். அன்று அந்த ஊரில் அரை மராத்தான் ஓட்டம். நகராட்சித் திடலில் சில நூறு பேர், சில ஊர்களில் சில ஆயிரம் பேர், எண் எழுதிய துணியை நான்கு ஊக்குகளால் மார்பில் குத்திக்கொண்டு குளிரில் நின்றிருப்பார்கள். பள்ளி ஆசிரியர், கடைக்காரர், ஓய்வுபெற்ற இரயில்வே ஊழியர், இரு பிள்ளைகளின் தாய் எனப் பலதரப்பட்டவர்களும் அங்கே இருப்பார்கள். ஓட வேண்டிய தொலைவு 21.0975 கிலோமீட்டர். வெற்றி பெறக்கூடியவர்கள் முன்வரிசையில் நிற்கும் ஒரு சிலரே. மற்றவர்களுக்குத் தாங்கள் வெல்லப் போவதில்லை என்பது நன்றாகவே தெரியும். தெரிந்தும், மாதக்கணக்கில் விடியுமுன் எழுந்து பயிற்சி செய்து, கட்டணமும் செலுத்தி வந்திருக்கிறார்கள்.

ஏன் வருகிறார்கள்? உடல்நலத்துக்காக என்றால் நாள்தோறும் சற்று நேரம் நடந்தாலே போதும். இத்தனை தொலைவு வேண்டியதில்லை. புகழுக்காக என்றால், முந்நூற்றுப் பதினேழாவதாக வந்தவரின் பெயரை மறுநாள் எவரும் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. பரிசு என்று சொல்லக்கூடியது ஒரு பனியனோ துண்டோ, அந்த ஊரில் விளைந்த அரிசியோ பழமோதான். வெற்றியும் வருவாயும் தராத உழைப்புக்கு மதிப்பு உண்டா? உண்டு என்றால் அந்த மதிப்பை அதற்கு அளிப்பவர் யார்? எளிய கேள்விபோலத் தோன்றினாலும், நம் வாழ்நாளில் பெரும்பகுதியை நாம் இத்தகைய உழைப்பில்தான் கழிக்கிறோம் என்பதை எண்ணினால் இதன் கனம் புரியும்.

இக்கேள்வியைக் கூர்மையாக்குகிற ஒன்று அந்தச் சாலையிலேயே இருக்கிறது. ஓட்டப்பாதையில் சில இடங்களில் ‘கன்மோன்’ எனப்படும் வாயில்கள் உண்டு. காவல்வாயில் என்பது அச்சொல்லின் பொருள். உண்மையில் அங்கே கதவு எதுவும் இல்லை. ஒரு பலகையும் ஒரு கடிகாரமும் மட்டுமே இருக்கும். அவ்விடம் இத்தனை மணிக்கு மூடப்படும் என்று பலகையில் எழுதியிருக்கும். குறித்த நேரத்துக்குள் அதைக் கடக்காதவர் ஓட்டத்தை நிறுத்திக்கொள்ள வேண்டும். மொத்த ஓட்டத்துக்கும் இரண்டரை மணி, மூன்று மணி என்று ஒரு வரம்பு இருக்கும். கடைசி ஓட்டக்காரருக்குப் பின்னால் ஒரு பேருந்து மெல்ல ஊர்ந்து வரும். நிறுத்தப்பட்டவர்களைத் திடலுக்குத் திரும்பக் கொண்டுசேர்ப்பது அதன் வேலை.

ஐம்பது வயதைக் கடந்த ஒருவரை நினைத்துக்கொள்வோம். பதினைந்தாவது கிலோமீட்டரில் முழங்கால் வலிக்கிறது. வாயில் கண்ணுக்குத் தெரிகிறது, கடிகாரமும் தெரிகிறது. இன்னும் இருபது அடி. அதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. அங்கே நிற்கும் தன்னார்வத் தொண்டர் தலைகுனிந்து வணங்கி, வருத்தத்தோடு பேருந்தைக் காட்டுகிறார். இவர் தோற்றவரா? இருபது அடி முன்னதாகக் கடந்துபோனவர் வென்றவரா? இருவரும் ஒரே சாலையில் ஒரே வலியோடு வந்தவர்கள் அல்லரா?

விடை தேடுமுன், இருவரின் வாழ்க்கையைப் பார்ப்பது நலம். இருவரும் ஜப்பானிய நெட்டோட்ட வீரர்கள். ஒருவர் ஓட்டத்தை முடிக்காதவர். மற்றவர் பதக்கம் பெற்றவர்.

முதலாமவர் கனகுரி ஷிசோ. 1891-ஆம் ஆண்டு குமமோட்டோ மாநிலத்தில் பிறந்தவர். 1912-இல் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த ஒலிம்பிக்கில் பங்கேற்றார். ஜப்பான் முதன்முறையாகக் கலந்துகொண்ட ஒலிம்பிக் அது. அனுப்பப்பட்ட வீரர்கள் இருவரே. ஜூலை 14-ஆம் நாள் கடும் வெயிலில் மராத்தான் நடந்தது. ஓடத் தொடங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் முடிக்கவில்லை. போர்த்துகீசிய வீரர் ஒருவர் வெப்பத்தால் இறந்தே போனார். கனகுரியும் வழியில் தளர்ந்துவிட்டார். சாலையோர வீட்டுத் தோட்டத்தில் இருந்த ஒரு குடும்பம் அவருக்குப் பருகக் கொடுத்து ஆதரித்தது. வெட்கம் தாளாமல், போட்டி நடத்துநர்களுக்குத் தெரிவிக்காமலே அவர் நாடு திரும்பினார். சுவீடனின் பதிவுகளில் அவர் காணாமற்போன ஓட்டக்காரர் ஆனார்.

ஆயினும் அவர் ஓட்டத்தைக் கைவிடவில்லை. 1916 ஒலிம்பிக் போரினால் நடவாமற்போயிற்று. 1920-இலும் 1924-இலும் மீண்டும் பங்கேற்றார், பதக்கம் கிடைக்கவில்லை. நாட்டில் நெட்டோட்டத்தை வளர்ப்பதைத் தம் வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார். 1920-இல் தொடங்கிய புகழ்பெற்ற ஹக்கோனே தொடரோட்டத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். 1967-ஆம் ஆண்டு சுவீடன் அவரை மீண்டும் அழைத்தது. முடிக்காமல் விட்ட ஓட்டத்தை வந்து முடித்துக்கொடுக்குமாறு கேட்டது. மார்ச் 20-ஆம் நாள், எழுபத்தைந்து வயது முதியவர் அதே அரங்கில் சிறிது தூரம் ஓடி, எல்லையில் கட்டிய நாடாவை மார்பால் தொட்டார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், சில மணிநேரம் என ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. இடையில் தமக்குத் திருமணமாகிப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறந்துவிட்டதை அவர் நகைச்சுவையோடு குறிப்பிட்டார்.

இரண்டாமவர் சுபுராயா கோகிச்சி. 1940-இல் ஃபுக்குஷிமா மாநிலத்தின் சுகாகவா என்னும் சிறு நகரில், ஏழு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். தற்காப்புப் படையில் பணிபுரிந்தார். 1964 அக்டோபர் 21 அன்று டோக்கியோ ஒலிம்பிக் மராத்தானில், எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலாவுக்கு அடுத்து இரண்டாமவராக அரங்கில் நுழைந்தார். நிறைந்திருந்த மக்கள் ஆர்ப்பரித்தனர். பின்னால் இங்கிலாந்தின் பேசில் ஹீட்லி நெருங்கிக்கொண்டிருந்தார். ஓடும்போது திரும்பிப் பார்க்கலாகாது என்று தந்தை சிறு வயதில் கற்பித்திருந்தாராம்; சுபுராயா திரும்பவில்லை. கடைசிச் சுற்றில் ஹீட்லி முந்திவிட்டார். வேறுபாடு மூன்றரை விநாடிக்குச் சற்று மிகுதி. சுபுராயாவுக்கு வெண்கலம் கிடைத்தது. அந்த ஒலிம்பிக்கின் தடகளப் போட்டிகளில் ஜப்பான் பெற்ற ஒரே பதக்கம் அதுதான்.

நாடு கொண்டாடியது. அவரோ அதைக் கடனாக எடுத்துக்கொண்டார். மக்கள் முன்னிலையில் மன்னிக்கத் தகாத பிழை செய்துவிட்டதாகவும், அடுத்து மெக்சிகோவில் அதை ஈடுசெய்தாக வேண்டும் என்றும் சக வீரர் கிமிஹாரா கெஞ்சியிடம் கூறினாராம். இடுப்பு வலியும் கால் காயமும் அவரை விடவில்லை. அறுவை சிகிச்சையும் நடந்தது. அடுத்த ஒலிம்பிக் முடியட்டும் என்று மேலதிகாரி ஒருவர் தடுத்ததால் அவரது திருமண ஏற்பாடு நின்றுபோனதாக அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1968 ஜனவரியில், இருபத்தேழாம் வயதில், அவர் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். பெற்றோருக்கும் உடன்பிறந்தோருக்கும் விட்டுச்சென்ற மடலில், அவர்கள் தமக்கு அன்போடு அளித்த உணவுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நன்றி கூறியிருந்தார். இனி ஓட இயலாது என்றும் எழுதியிருந்தார். அந்த மனத்தின் இருளை அளக்க நாம் யார்? வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஆனால் ஒன்றை எண்ணிப்பார்க்கலாம். முடிக்காதவர் தொண்ணூறு வயதைக் கடந்து 1983-இல் மறைந்தார். முடித்துப் பதக்கமும் பெற்றவரால் அந்தப் பதக்கத்தின் பாரத்தைத் தாங்க முடியவில்லை. ஆகவே ஓர் உழைப்பின் மதிப்பு அது முடிந்ததா இல்லையா என்பதில் மட்டும் இல்லை. உழைத்தவர் அதை எவ்வாறு ஏற்றுக்கொள்கிறார் என்பதிலும், சுற்றி நிற்பவர்கள் அவருக்கு எவ்வளவு காலம் கொடுக்கிறார்கள் என்பதிலும் இருக்கிறது.

எல்லை வேறு, தீர்ப்பு வேறு. சிற்றூர் ஓட்டத்தின் காவல்வாயில் ஓர் எல்லை. “இந்தச் சாலையை இத்தனை மணிவரை உனக்காகத் திறந்துவைக்க எங்களால் இயலும், அதற்குமேல் பேருந்துகள் ஓட வேண்டும், நோயாளிகள் மருத்துவமனை செல்ல வேண்டும்” என்றே அது சொல்கிறது. நீ தகுதியற்றவன் என்று அது சொல்லவில்லை. எல்லை நம் ஆற்றலைப் பற்றியும் காலத்தைப் பற்றியும் பேசுகிறது. தீர்ப்பு நாம் யார் என்பதைப் பற்றிப் பேசுகிறது. சுபுராயாவின் துயரம், எல்லையைத் தீர்ப்பாக வாசித்த துயரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. மூன்றரை விநாடி அவர் கால்களின் எல்லை. அதைத் தம் வாழ்வின் மீதான தீர்ப்பாக அவர் எடுத்துக்கொண்டார். அப்படி வாசிக்க அவரைப் பழக்கியதில் சுற்றியிருந்தவர்களுக்கும் பங்குண்டு. “எங்களுக்காக வெற்றி கொண்டு வா” என்று பிள்ளைகளிடமும் இளைஞரிடமும் நாம் சொல்லும்போது, அன்பைச் சொல்வதாகத்தான் நினைக்கிறோம். பல வேளைகளில் கடன் சீட்டைத்தான் அவர்கள் கையில் கொடுக்கிறோம்.

அப்படியானால் கடிகாரமே வேண்டாம், எல்லாரும் எப்போது வேண்டுமானாலும் வந்துசேரட்டும் என்று சொல்லிவிடலாமா? அதுவும் பொருந்தாது. எல்லையே இல்லாத இடத்தில் முயற்சிக்கு வடிவம் இருக்காது. வாயில் மூடப்படும் என்று தெரிந்ததால்தான் அந்த ஐம்பது வயதுக்காரர் வலியோடும் விரைந்தார். எல்லையை மதித்து முயல்வதும், எட்ட முடியாதபோது தன்னை இழிவாக எண்ணாமல் பேருந்தில் ஏறுவதும் ஒரே மனிதரிடம் இருக்க வேண்டிய இரு பண்புகள். முதலாவது இல்லாதவன் சோம்பலில் விழுவான். இரண்டாவது இல்லாதவன் விரக்தியில் விழுவான்.

இன்னொரு தடையையும் எழுப்பலாம். சிலருடைய பொழுதுபோக்குக்காக ஓர் ஊரே சாலையை மூட வேண்டுமா? முதியவர்கள் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்து கைதட்டுகிறார்கள். பள்ளி மாணவர்கள் தண்ணீர்க் குவளையை நீட்டுகிறார்கள். ஓடி முடித்தவர்களுக்குப் பெண்கள் காய்கறியும் பன்றியிறைச்சியும் இட்ட சூடான சூப்பை ஊற்றிக் கொடுக்கிறார்கள். இது வீண் அல்லவா? பயன் ஒன்றையே கணக்கிட்டால் வீண்தான். ஆனால் அந்தக் கைதட்டலைக் கவனியுங்கள். வாசலில் அமர்ந்திருக்கும் மூதாட்டிக்கு ஓடுபவரின் பெயர் தெரியாது. அவரிடமிருந்து அவளுக்கு எதுவும் வரவேண்டியதும் இல்லை. முதலாவதாக வந்தவருக்குக் கைதட்டியவள், ஒரு மணி நேரம் கழித்துத் தள்ளாடி வருபவருக்கும் அதே அளவு தட்டுகிறாள். சில வேளை கூடுதலாகவே தட்டுகிறாள். கடன் சீட்டு இல்லாத ஊக்கம் அது. சுபுராயாவுக்குக் கிடைத்த ஆர்ப்பரிப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, ஓசையின் அளவில் இல்லை.

அமெச்சூர் என்ற சொல்லை நாம் சற்று ஏளனமாகவே பயன்படுத்துகிறோம். அரைகுறையாக அறிந்தவன் என்ற பொருளில். அதன் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. அன்பு செய்பவன் என்பதே மூலப் பொருள். கூலிக்காகவோ கடனுக்காகவோ அன்றி, ஒன்றை விரும்புவதாலேயே அதைச் செய்பவன் அமெச்சூர். இந்தப் பொருளில் பார்த்தால், சமைக்கும் தாயும், பயன் எதிர்பாராமல் நோயாளியருகே அமர்ந்திருப்பவரும் அமெச்சூர்களே. முந்நூற்றுப் பதினேழாவது இடம் அவர்களுக்கு ஒரு குறையன்று. அது அவர்கள் வந்துசேர்ந்த இடம், அவ்வளவே.

கனகுரி தம் ஓட்டத்தை முடித்த அதே 1967-இல், டோக்கியோவின் மேற்கே ஓமே நகரில் 30 கிலோமீட்டர் பொதுமக்கள் ஓட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. சுபுராயாவுடன் சேர்ந்து ஓடலாம் என்று மக்கள் அழைக்கப்பட்டனர். அவரும் வந்து ஓடினார். கடனின்றி ஓடும் எளிய மக்களோடு அவர் கழித்த அந்த ஒரு நாளை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. அத்தகைய நாள்கள் அவருக்கு இன்னும் பல கிடைத்திருக்கலாகாதா?

அவர் இறந்த ஆண்டிலேயே மெக்சிகோ ஒலிம்பிக் நடந்தது. கிமிஹாரா இரண்டாமவராக அரங்கை நெருங்கினார். ஓடும்போது திரும்பிப் பார்க்கும் வழக்கம் அவருக்கும் இல்லை. ஆயினும் அன்று நண்பரின் நினைவு வந்து திரும்பிப் பார்த்தார் என்கிறார்கள். நியூசிலாந்து வீரர் நெருங்கிக்கொண்டிருப்பதைக் கண்டு விரைந்து, வெள்ளிப் பதக்கம் பெற்றார். சுகாகவா நகரில் இன்று சுபுராயா பெயரால் நினைவு மராத்தான் நடைபெறுகிறது. அதில் அரை மராத்தான் உண்டு. சிறுவர்களுக்கான குறுகிய ஓட்டங்களும் உண்டு. கிமிஹாரா பல ஆண்டுகள் அங்கே சென்று, நண்பரின் கல்லறையைக் கண்டு, ஊர் மக்களோடு ஓடியிருக்கிறார்.

அந்தச் சிறு நகரின் சாலையில், தம் மண்ணின் மைந்தர் தாங்க முடியாத பாரத்தோடு ஓடிய அதே ஓட்டத்தை, அந்தப் பாரம் இல்லாமல் மக்கள் ஓடுகிறார்கள். அவருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவு இருக்க முடியுமா என்று தெரியவில்லை. நம் வீட்டிலும் தேர்வில் இருபது அடி பின்தங்கியவர், தொழிலில் நேரம் முடிந்துபோனவர் யாரேனும் இருக்கக்கூடும். பேருந்திலிருந்து இறங்கி அவர் நம் வாசலுக்கு வரும்போது, எத்தனையாவதாக வந்தாய் என்று கேட்கப் போகிறோமா? சூடாக ஏதேனும் கொடுத்து, அடுத்த ஆண்டு எப்போது ஓட்டம் என்று கேட்கப் போகிறோமா?