ஒப்படைத்த இரத்தம்

மருத்துவக் கல்லூரி ஒன்றின் நெறிமுறைக் குழுவில் நான் பொதுமக்கள் தரப்பு உறுப்பினர். பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மரபணுவியல் படித்தவள் அல்ல. ஒப்புதல் படிவத்தை, அதில் கைநாட்டு வைக்கப்போகிறவரின் இடத்திலிருந்து படிப்பதே என் வேலை. எதிர்கால ஆய்வுகளுக்கும் பயன்படுத்தலாம் என்ற வரி வரும்போதெல்லாம் ஹவசுபாய் மக்களை நினைத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள் வாழும் சிறிய பழங்குடி அவர்கள். அவர்களுடைய சுப்பாய் ஊருக்குச் சாலை கிடையாது. தபால்கூடக் கோவேறு கழுதை முதுகில்தான் போகிறது. சர்க்கரை நோய் அவர்களை வாட்டியது. கால்களை இழந்தார்கள், டயாலிசிஸுக்காக ஊரைவிட்டே போனார்கள். 1990இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரத்தம் எடுக்கத் தொடங்கியபோது, அந்த நோய்க்கு விடை கிடைக்கும் என்று நம்பிக் கை நீட்டினார்கள். அதே இரத்தத்தில் மனச்சிதைவு, நெருங்கிய உறவுக்குள் மணம், முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது வரை ஆராயப்பட்டது. 2003இல் அந்தப் பழங்குடிப் பெண் ஒருவர் பல்கலைக்கழகத்தில் அந்த இரத்த ஆய்வு பற்றிய ஓர் உரையைக் கேட்கப் போன பிறகே ஊருக்கு விஷயம் தெரிந்தது.

நடத்தை, மருத்துவக் கோளாறுகளின் காரணங்களை ஆராயலாம் என்று படிவம் பொதுவாகச் சொன்னது. ஆய்வுத் தரப்பு அதைத்தான் காட்டியது.

தானமாகக் கொடுத்த பிறகு உரிமை ஏது என்று கேட்பவர்கள் உண்டு. தாரை வார்த்துக் கொடுத்ததைத் திரும்பக் கேட்கக் கூடாதுதான். ஆனால் என் இரத்தத்தில் என் தம்பி இருக்கிறான், பாட்டி இருக்கிறாள், இன்னும் பிறக்காத பேத்தியும் இருக்கிறாள். எனக்கு மட்டுமே சொந்தமில்லாததை நான் எப்படித் தானம் செய்வேன்? ஒரு காரியத்துக்காக ஒப்படைக்கலாம், அவ்வளவே.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது ஹவசுபாய் மக்களின் நம்பிக்கை. முன்னோர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்கிறது அறிவியல். நான் அறிவியலை ஏற்கிறேன். நம்பிக்கைக்காக உண்மையை மறைக்கச் சொல்ல மாட்டேன். ஆனால், நோய் தீரும் என்று நம்பிக் கொடுத்தவரின் இரத்தத்தையே அவருக்குத் தெரியாமல் அவருடைய தெய்வக் கதைக்கு எதிர்சாட்சியாக நிறுத்த எந்த உண்மைக்கும் உரிமையில்லை.

ஹவசுபாய் மக்கள் தொடுத்த வழக்கு 2010 ஏப்ரலில் சமரசமானது. 41 பேருக்கு 7 லட்சம் டாலர். மிஞ்சிய இரத்தமும் திரும்பியது. அதற்குள் கொடுத்தவர்களில் சிலர் இறந்துபோயிருந்தார்கள். குளிர்பெட்டியைத் திறந்தபோது ஊரார் பாடினார்கள், அழுதார்கள். அப்பாவின் அஸ்தி காவிரிக்குப் போகும் வரை அம்மா நிலைகொள்ளாமல் தவித்ததைப் பார்த்த எனக்கு அந்த அழுகைக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

எதிர்கால ஆய்வு என்ற வரியை அடித்துவிட்டு, புதிய ஆய்வு ஒவ்வொன்றுக்கும் திரும்பப் போய்க் கேளுங்கள் என்று குழுவில் சொல்கிறேன். கொடுத்தவர் இல்லையென்றால் குடும்பத்தைக் கேளுங்கள். மாதக்கணக்கில் தாமதமாகும் என்கிறார்கள். ஆகட்டும்.