சந்தேகத்தின் பலன் யாருக்கு?

நெய்வேலி டவுன்ஷிப்பில் எந்த வட்டத்துக்குப் போனாலும் பெட்டிக்கடை வாசலில் சிப்ஸ் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். பள்ளிக்கூடம் விட்டதும் பாதி சரம் காலி. 'வயிறு கெட்டுடும்டா' என்று அம்மாக்கள் கத்துவார்கள். வயிறு நாளைக்கே சரியாகிவிடும். மரபணு கெட்டால்?

அதைச் சோதிக்க முடியும். ப்ளஸ் டூ-வில் உயிரியல் படித்தவர்களுக்கு வெங்காய வேர்நுனி ஞாபகம் இருக்கும். 1938-ல் ஸ்வீடனின் ஆல்பர்ட் லெவான் அதையே சோதனைக்கூடமாக்கினார். சந்தேகத்துக்குரிய பொருளைக் கரைத்த நீரில் வெங்காயத்தை வேர்விடச் செய்து, நுனியை நறுக்கி, சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், குரோமோசோம் உடைந்திருந்தால் தெரியும். 1970-களில் அமெரிக்காவின் புரூஸ் ஏம்ஸ் பாக்டீரியாவை வைத்து இன்னும் வேகமான சோதனை கண்டுபிடித்தார்.

"வெங்காயத்துக்கு ஆனது என் பையனுக்கும் ஆகுமா சார்?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆகலாம், ஆகாமலும் போகலாம். வெங்காயத்துக்கு ஈரல் கிடையாது. நமக்கு உண்டு. அது சில விஷங்களை முறிக்கும். சிலவற்றை இன்னும் மோசமாக்கும். வறுத்த உருளைக்கிழங்கில் அக்ரிலமைடு இருப்பதை 2002-ல் ஸ்வீடன்காரர்கள் அறிவித்தார்கள். உடம்புக்குள் அது கிளைசிடமைடாக மாறி டி.என்.ஏ-வில் ஒட்டிக்கொள்ளும். மனிதர்களுக்கு அதனால் புற்றுநோய் வருகிறதா என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. பாக்கெட்டை மட்டும் திட்டாதீர்கள், உங்கள் வீட்டு வாணலியிலும் அதே கதைதான்.

ஆக, கையில் இருப்பது சந்தேகம் மட்டும். அதன் பலனை யாருக்குக் கொடுப்பது?

கோர்ட்டில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. சரிதான், தப்பாகத் தண்டித்தால் ஒரு மனிதனின் வாழ்க்கை போய்விடும். ஆனால் ரசாயனம் மனிதனில்லை. அதற்கு ஜாமீனும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம். 2024 பிப்ரவரியில் புதுச்சேரியும், பின்னாலேயே தமிழ்நாடும் பஞ்சு மிட்டாய்க்குத் தடை போட்டன. அதில் ரோடமின்-பி என்ற துணிச்சாயம் இருந்தது. எந்தக் குழந்தைக்கு என்ன ஆச்சு, காட்டு என்று அரசு காத்திருக்கவில்லை. உணவு நிறங்களில் சட்டம் அப்படித்தான். பட்டியலில் இருந்தால்தான் சேர்க்கலாம்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்குக் கொடுத்த விலை கண்ணுக்குத் தெரிகிறது. வெட்டியெடுத்த மேல்மண் மலையாக நிற்கிறது. மரபணுவுக்கு அந்த வசதி இல்லை. பாதிப்பு இருபது வருஷம் கழித்து வரலாம், அடுத்த தலைமுறைக்கும் போகலாம். அப்போது பாக்கெட்டும் இருக்காது, பில்லும் இருக்காது. இன்னும் பிறக்காத பேரனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

அதற்காக பயந்து சாகவேண்டாம். எப்போதாவது ஒரு பாக்கெட் தின்றால் குடி முழுகிப் போகாது. ஐரோப்பாவில் 2018 முதல் சிப்ஸுக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது: கிலோவுக்கு 750 மைக்ரோகிராம் அக்ரிலமைடு. தாண்டினால் தயாரிப்பாளர் காரணம் தேடிக் குறைத்தாக வேண்டும். சோதிக்கிற செலவு விற்பவருடையது, தின்கிற குழந்தையுடையது அல்ல. நாம் கேட்கவேண்டியதும் இவ்வளவுதான்.