நெய்யரியும் கைபேசியும்

ஆசிரியர் பாடம் சொல்லுங்கால், அவர் அறியாமல் அவர்தம் குரலையும் உருவத்தையும் மாணவன் கைபேசியில் பதிந்துகொள்வது அறமாகுமா? தலைநகரில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம்மிற் பலர் இவ்வினாவை எதிர்கொண்டிருப்போம். 2020-ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் பள்ளிகள் அடைபட்டு, பாடம் திரைவழியே வீட்டுக்கூடத்துக்கு வந்தது. பிள்ளை கேட்டது, பின்னால் நின்று பாட்டியும் கேட்டாள். ஆசிரியர் நாப்பிறழ்ந்த ஒரு சொல் மாலைக்குள் அவரை அறியாதார் கைபேசிகளுக்கும் சென்று நகைப்புக்கு இடமாயிற்று.

வகுப்பறையில் அந்தரங்கம் ஏது என்பார் உளர். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்டு 24-இல் உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு தீர்ப்பளித்தது. பொதுவிடத்தில் நிற்பதனாலேயே ஒருவர் அவ்வுரிமையை இழந்துவிடுவதில்லை என்ற கருத்தும் அத்தீர்ப்பில் உண்டு. ஆயினும் பதினைந்து வயதுப் பையனிடம் தீர்ப்பை நீட்டிப் பயனில்லை. அவனிடம் பேச வேறு மொழி வேண்டும்.

அம்மொழி நம்மிடம் உள்ளது. ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நன்னூல் செய்த பவணந்தியார், மாணாக்கரைத் தலை, இடை, கடை என வகுத்து உவமை கூறினார். கடைமாணாக்கர்க்குரிய உவமைகளுள் நெய்யரியும் ஒன்று. பன்னாடையால் நெய் வடிப்பதைக் கண்டவர்க்கு விளக்கம் வேண்டா. நெய் கீழே ஒழுகிவிடும். கசடு மட்டும் தங்கும். நாற்பது நிமிடப் பாடத்தில் முப்பது விநாடியை வெட்டியெடுத்து ஊருக்கு அனுப்பும் செயலுக்கு இதனினும் பொருந்திய உவமை எனக்குத் தோன்றவில்லை. பிளாசிப் போரைக் கற்பிக்கும் ஆசிரியர், மாணவரைச் சிந்திக்கத் தூண்டுதற்பொருட்டு, ஒரு நிமிடம் கிளைவின் வாயாகவே வாதிட்டுக் காட்டக்கூடும். அந்நிமிடத்தை மட்டும் கேட்பவர்க்கு அவர் நாட்டுப்பற்றற்றவராகவே தோன்றுவார்.

யான் கோப்புகளோடு வாழ்பவன். 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது நன்மையே. மக்கள் பணத்தில் நடப்பதை மக்கள் அறிதல் முறை. ஆனால், குறிப்பெழுதும் கை தயங்குவதையும், ‘நேரில் பேசுக’ என்ற இரு சொற்களோடு கோப்பு திரும்புவதையும் கண்டிருக்கிறேன். எங்களுக்கேனும் எழுதுவது நிலைத்து நிற்கும் என்று முன்னரே தெரியும். வாய்மொழியாகச் சிந்திக்கும் ஆசிரியரையும் அவ்வச்சம் பற்றினால், அவர் பாடநூலை வரிக்குவரி படித்துவிட்டு மணியடித்ததும் எழுந்து போவார். இழப்பு மாணவருக்கே.

மறுபக்கமும் உண்டு; அது சிறிதன்று. சிறுமி ஒருத்தியைச் சாதி சொல்லி இழிவுசெய்யும் ஆசிரியரும் உலகில் உளர். உடல் தண்டனையையும் மனத்துன்பம் தருதலையும் 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்கிறது. ஆயினும் பெரியவர் மறுத்தால் குழந்தையின் சொல்லை யார் நம்புவர்? அங்கே பதிவே சாட்சி. அவளுக்கு வேறு துணையில்லை. அதனைக் குற்றமென்று கூற என் மனம் ஒப்பவில்லை. சாட்சி செல்லவேண்டிய இடம் பெற்றோரும், தலைமையாசிரியரும், குழந்தை உரிமை ஆணையமுமாகும். சந்திக்கு விட்டால், இழிவுபட்ட சிறுமியின் முகமும் கூடவே ஊர் சுற்றும்.

மூத்தோர் வழியும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. 2019-இல் தில்லி அரசு தன் பள்ளி வகுப்பறைகளில் காமிரா பொருத்தி, பெற்றோர் காணவும் வகைசெய்ய முற்பட்டது. தடைகோரிய மனுவில் இடைக்காலத் தடை விதிக்க உச்சநீதிமன்றம் அவ்வாண்டு மறுத்தது. அக்காமிரா கண்ணுக்குத் தெரிவது என்னும் வேறுபாடு உண்டு. எனினும், ஐயுற்று நோக்கும் கண்ணை வகுப்பறைக்குள் முதலில் கொண்டுவந்தவர் யார் என்று பையன் கேட்டால் நாம் சற்றே விழிக்கத்தான் வேண்டும்.

பார்வையற்ற மாணவர் நிலை வேறு. நாடாப்பதிவுக் கருவிக் காலந்தொட்டே அவர்கள் பாடங்களைப் பதிந்து, கேட்டுப் பயின்று வந்துள்ளனர். ஒலிப்பதிவே அவர்க்குக் குறிப்பேடு. கருவி ஆசிரியரின் மேசைமீதே இருக்கும். அவர் அறிந்தே பேசுவார். அருஞ்சொல் வரின் எழுத்தெழுத்தாய்ச் சொல்வார். இடையே சொந்தக் கதை ஒன்று சொல்லத் தோன்றினால், “சற்று நிறுத்தப்பா” என்பார். மாணவரும் கைநீட்டி நிறுத்திவிட்டுக் கதை கேட்பார்.