ஊரைக் கேட்பவரும் ஊரைச் சொல்பவரும்

மருத்துவ பீடத்தில் சேர்ந்த மாணவர்கள் உடற்கூற்றியல், உடற்றொழிலியல் போன்ற அடிப்படைப் பாடங்களைக் கடந்து நோயாளர் விடுதிக்குள் அடியெடுத்து வைக்கும்போது முதலில் பழகிக்கொள்வது நோய் வரலாறு எடுத்தலாகும். நோயாளியின் கட்டிலருகே நின்று பெயர், வயது, தொழில், வசிப்பிடம், வந்த முறைப்பாடு, முன்னைய நோய்கள், குடும்பத்தவரின் நோய்கள் என ஒழுங்காகக் கேட்டுக் குறித்துக்கொள்வதை அது குறிக்கும். இவ்வரிசையில் வசிப்பிடம் வெறும் முகவரிக்காகக் கேட்கப்படுவதில்லை. வவுனியா, அநுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களின் வயற்கிராமமொன்றிலிருந்து வரும் நடுத்தர வயது விவசாயி உடற்சோர்வென்று சொன்னால், 1990களிலிருந்து அப்பகுதிகளில் இனங்காணப்பட்டு வரும், காரணம் இன்னும் தெளிவுறாத நாட்பட்ட சிறுநீரக நோயை வைத்தியர் நினைவிற்கொள்ள வேண்டும். சேற்றில் இறங்கி உழைப்பவர் காய்ச்சலோடு வந்தால், எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரால் தொற்றும் எலிக்காய்ச்சலையும் எண்ணிப்பார்க்க வேண்டும். ஆகவே ஊரைக் கேட்பதும் நோயைக் கண்டறியும் வழிகளுள் ஒன்று. ஆனால் அதே கேள்வி நோயாளியின் வாயிலிருந்து மாணவரை நோக்கித் திரும்பி வரும்போது அதற்கு எவ்வாறு விடை சொல்வது என்பது பாடமாகக் கற்பிக்கப்படும் விடயமன்று.

அவ்வாறு திரும்பி வந்த ஒரு கேள்வியும் அதற்குச் சொல்லப்பட்ட விடையுமே இச்சிந்தனைக்குக் காரணம். முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து தென்னிலங்கைக்குப் படிக்கச் சென்ற மாணவி ஒருத்தி, இருமலோடு அனுமதிக்கப்பட்டிருந்த சிங்கள மூதாட்டியிடம் கேட்க வேண்டியவற்றையெல்லாம் கேட்டு முடித்தபோது, அவர் "துவகே கம கொஹெத?" என்று, மகளுடைய ஊர் எது என்று, கேட்டார். மாணவி "வவுனியா" என்றாள். மூதாட்டி தலையசைத்து அங்கே மழையா என்று வினவ, நேற்றிரவு நல்ல மழை என்றும் வெட்டுக்கு நின்ற நெல்லெல்லாம் சாய்ந்துவிட்டது என்றும் அவள் சொன்னாள். அந்த மழை வவுனியாவில் பெய்ததன்று. முத்தையன்கட்டுக் குளத்தின் கீழுள்ள தங்கள் வயலில் பெய்ததாகத் தாய் இரவு தொலைபேசியில் சொன்ன மழை அது. நடந்தது இவ்வளவே. ஊரின் பெயர் வேறாகவும் மழை சொந்த ஊரினதாகவும் அமைந்துவிட்ட அந்த விடைதான் கேள்விப்பட்டவர் மனத்தை விட்டு அகல மறுக்கிறது.

இதற்கு எளிய விளக்கமொன்று உண்டு. ஒட்டுசுட்டான் எங்கே இருக்கிறதென்று தென்பகுதியில் ஒரு மூதாட்டி அறிந்திருக்க வேண்டியதில்லை. 1990 முதல் பல ஆண்டுகள் வடக்குப் புகையிரதம் வவுனியாவுடனேயே நின்றுவிட்டதாலும், கிளிநொச்சி வரை அது மீண்டும் ஓடத் தொடங்கியது 2013இலேயே என்பதாலும், வவுனியா என்ற பெயர் நாடெங்கும் தெரிந்த பெயராயிற்று. தெரியாத ஊரைச் சொல்லிக் கேட்பவரைத் திகைக்க வைப்பதை விடத் தெரிந்த பட்டினத்தைச் சொல்வது வழக்கந்தான். ஆயினும் முல்லைத்தீவு என்ற மாவட்டப் பெயர் தெரியாத பெயரன்று. 2009க்குப் பின் அது நாடு முழுவதற்கும் தெரியும், போரின் இறுதி மாதங்களோடு சேர்த்தே தெரியும். அப்பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி மழையைப் பற்றியதாக இருந்திருக்குமா என்ற ஐயம் எழும்போது, அந்த எளிய விளக்கம் போதாமற் போகிறது.

இவ்வூர்கள் அடங்கும் வன்னியில் வளரும் பிள்ளை கேள்விகளைச் சந்திக்கும் முறையே வேறு. கோயில் வீதியிலோ கடைவாசலிலோ எதிர்ப்படும் முதியவர் "ஆற்றை பிள்ளை நீ?" என்றுதான் முதலில் கேட்பார்; பிள்ளை தகப்பன் பெயரைச் சொல்ல, அவர் பேரனார் பெயரைத் தாமே சொல்லி, எந்தக் குளத்தின் கீழ் எத்தனை ஏக்கர் செய்தவர்கள் என்பது வரை அடுக்கிக்கொண்டு போவார். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வரும் பெருங்கூட்டத்திலும் இத்தகைய விசாரிப்புகள் ஓயாமல் கேட்கும். அங்கே ஊர் என்பது பிள்ளை சொல்லித் தெரிய வேண்டியதாக இருப்பதில்லை. கேட்பவருக்குப் பாதி முன்னமே தெரிந்திருக்கும்.

இந்த ஒழுங்கு 2008, 2009ஆம் ஆண்டுகளில் போரால் சிதறியது. ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாகி, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று ஒடுங்கிய கடற்கரைத் துண்டொன்றுக்குள் தள்ளப்பட்ட மக்களுள் உயிர் தப்பியோர் பெரும்பாலும் வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்தில் அமைந்த மெனிக் பாம் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்த அம்முகாமின் வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று பெயர்கள் சூட்டப்பட்டிருந்தன. 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்படும் வரை பல குடும்பங்களின் முகவரி வலயத்தின் பெயராகவும் கூடாரத்தின் இலக்கமாகவும் இருந்தது. மேற்சொன்ன மாணவியும் அக்காலத்தில் சிறுமியாக அங்கே இருந்தவள். எனவே வவுனியா என்ற விடையில் ஓர் உண்மையும் கலந்திருக்கக்கூடும். பதிவேடு ஒவ்வொன்றிலும் ஊர் எதுவென்று கேட்கப்பட்டு, கேட்பவரின் முகம் பார்த்து விடை சொல்லப் பழகிய ஒரு தலைமுறைக்கு, ஒரே விடை மட்டும் உண்மையாக இருக்க வேண்டுமென்று வற்புறுத்துவது நியாயமா என்பதும் எண்ணிப்பார்க்கத் தக்கது.

ஆனால் ஊர் அவளுக்கு நினைவு மட்டுமன்று, மருத்துவ பீடத்தில் அவளது இடமே அதனால் கிடைத்தது. இலங்கையில் மருத்துவ பீடத்துக்கான அனுமதி, க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியால், அதாவது வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடத்தக்கதாக்கும் புள்ளிவிபரவியல் அளவீட்டால், தீர்மானிக்கப்படுகிறது. 40 வீதமான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் சனத்தொகைக்கேற்ப மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்றும் இவ்வாறு பின்தங்கியவை என வகுக்கப்பட்ட மாவட்டங்களே. அதே வன்னியில் மருத்துவ பீடம் எதுவும் இல்லை. 2021இல் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகமும் அதை இன்னும் கொண்டிருக்கவில்லை. ஆகவே மாவட்டத்தின் பெயரால் இடம் பெறும் பிள்ளை, அதைப் பெற்ற கணமே மாவட்டத்தை விட்டு யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ பேராதனைக்கோ காலிக்கோ புறப்பட வேண்டியதாகிறது. உயர்தரத்தில் உயிரியலைத் தமிழில் எழுதிச் சித்தியடைந்தவள் பீடத்தில் ஆங்கிலத்தில் படித்து, நோயாளர் விடுதியில் சிங்களத்தில் கேட்டு, கேட்டதை ஆங்கிலத்தில் எழுதி, இரவில் "சாப்பிட்டியா பிள்ளை?" என்று கேட்கும் தாய்க்குத் தமிழில் விடை சொல்கிறாள். குறைந்த வெட்டுப்புள்ளியில், அதாவது தம் மாவட்டத்துக்கென அமைந்த குறைந்த அனுமதிப் புள்ளியில், வந்தவர் என்று எவரேனும் எண்ணிவிடுவரோ என்ற கூச்சமும் இந்நாட்களில் உடனிருக்கும். மாவட்டத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லாமைக்கு அக்கூச்சமும் ஒரு காரணமாகலாம். ஆனால் அந்த மூதாட்டிக்கு வெட்டுப்புள்ளியைப் பற்றி என்ன தெரியும்?

கற்கும் மொழியைப் பற்றி எண்ணும்போது, முன்னொருகால் வாசித்து அரைகுறையாக நினைவில் நிற்கும் வைத்தியர் சாமுவேல் கிறீனின் வரலாறு இவ்விடத்தில் குறுக்கிடுகிறது. அமெரிக்க மிஷன் சார்பில் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அவர், "அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்" என்ற உடலியல் நூலைத் தமிழில் வெளியிட்டார். ஆங்கிலத்தில் பயின்றவர்கள் உத்தியோகம் தேடி வெளியிடங்களுக்குச் சென்றுவிடுவதைக் கண்டு, 1860களில் கற்பித்தலையே தமிழுக்கு மாற்றினார். அவரிடம் பயின்று வெளியேறியோர் 60க்கும் மேற்பட்டவர்கள். தம் மொழியில் கற்றவர் தம் மக்களிடையே தங்குவர் என்பது அவரது எதிர்பார்ப்பு. கிளிநொச்சியும் மாஞ்சோலையிலுள்ள முல்லைத்தீவு மருத்துவமனையும் தம் மண்ணின் வைத்தியர்களை இன்றும் எதிர்பார்த்திருக்கையில், கிறீனின் அந்த எதிர்பார்ப்பு பழையதாகிவிடவில்லை. ஊரின் பெயரை மறைத்தவள் ஊருக்குத் திரும்புவாளா என்று சிலர் கேட்கக்கூடும்; அந்தக் கேள்வி அவசரப்பட்டுக் கேட்கப்படுவது, ஏனெனில் பெயரை விட்டவள் மழையை விடவில்லை. சாய்ந்த நெல்லின் கவலையைச் சிங்களத்தில் சொல்லத் தேடிக் கண்ட சொற்கள், எந்தப் பட்டினத்தின் பெயரால் சொல்லப்பட்டாலும், அவளது சொந்த வயலைப் பற்றியவை. அம்மூதாட்டியும் வயலோடு வாழ்ந்தவராக இருந்திருந்தால், அக்கவலை அவருக்கு விளங்கியே இருக்கும்.

இதே நிலையில் இன்னொரு தரப்பும் உண்டு. யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் இன்று தென்பகுதி மாணவர்களும் பயில்கின்றனர். கிளிநொச்சியிலிருந்து அனுப்பப்பட்டு யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் அம்மாவிடம் திக்கித்திக்கித் தமிழில் ஊரைக் கேட்கும் சிங்கள மாணவனை நோக்கி, "தம்பி எந்த ஊர்?" என்று அந்த அம்மாவும் கேட்கிறார். அவனும் தெரிந்த பட்டினமொன்றின் பெயரைச் சொல்லித் தப்பிக்கொள்ளலாம். அவனது அண்ணனோ மாமனோ போர்க்காலத்தில் எங்கே நின்றார் என்ற அடுத்த கேள்விக்கு அவனும் அஞ்சக்கூடும்.

வவுனியா என்ற அந்த விடை அச்சமா, மரியாதையா, வழக்கமா, அன்றி மூன்றும் கலந்ததா என்பதை உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அவளிடமே கேட்டாலும் அவளுக்கும் அது தெளிவாகத் தெரிந்திராது. விடையை மேலும் துருவுவது அன்பா, தொல்லையா என்பதும் இலகுவில் தீர்க்க முடியாதது. எனினும் வாசகர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நோயுற்றுக் கட்டிலில் இருக்கும் நாளில் வேற்றூரிலிருந்து வந்த மாணவர் ஒருவர் பட்டினத்தின் பெயரை மட்டும் சொன்னால், போரையும் புள்ளியையும் கேட்காமல், அவரது ஊரில் எந்தக் குளம், என்ன பயிர், அம்மா நலமா என்று கேளுங்கள்; ஊரின் பெயரை அவர் தாமாகச் சொல்லும் வரை பொறுத்திருங்கள்.